உன் பெரியப்பா கேட்ட மறுசோறு

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்து நாலு வரி, மிச்சம் முழுக்க உன் பெரியப்பாவுக்கு வக்காலத்து. பெரியவரை இலையில் உட்கார வைத்து அவமானப்படுத்திவிட்டேனாம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நடை போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டுமாம். அவர்தான் உன் அப்பா இடத்தில் உட்கார்ந்து எல்லாம் செய்ய வேண்டுமாம். பம்பாய்க்குப் போய் உன் கையெழுத்து நன்றாகத் திருந்தியிருக்கிறது. புத்தியை மட்டும் ரயிலிலேயே விட்டுவிட்டாய் போலிருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், உட்கார்ந்து படி. படித்ததும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாதே. உன்னோடு தங்கியிருப்பவர்களுக்குப் படித்துக் காட்டு. நாளைக்கு வரப்போகிற உன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டு. பங்காளிகள் யார் கேட்டாலும் தாராளமாகக் கொடு. உன் பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று கேள்வி, அவருக்கு மட்டும் கொஞ்சம் சத்தமாகவே வாசி.

உன் அப்பா காட்டில் உழுவதை விட்டு மில்லுக்கு மேஸ்திரி வேலைக்குப் போனது உன் பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பைக்காராவிலிருந்து கரண்டு வந்து ஊரைச் சுற்றி மில்லாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. உன் அப்பாவுக்கு மண்வெட்டியைவிட இரும்புச் சக்கரத்தின் மேல்தான் ஆசை. 'கண்ட சாதியோட தோள் ஒரசி வேலை செய்யறவன் எம்பட தம்பியே இல்லீங்க' என்று உன் பெரியப்பா ஊர் முன்னால் சொன்னார். சரி, கோபத்தில் சொல்கிறார் என்று நாங்கள் மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டோம். இருக்கிற வரைக்கும் உன் அப்பா அண்ணனைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. அந்த நல்ல குணம் உனக்கு வந்திருக்கிறது, என்னிடம் கிடையாது.

உன் அப்பா விஷக் காய்ச்சலில் போன அன்றைக்கு நடந்ததை நீ மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மறந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, உறவுக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். நமக்கு உன் பெரியப்பா வீட்டுச் சோறுதான் முதலில் வர வேண்டும். என் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது உன் மாமன் ஒருவன், அவனும் தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான், வந்து சேர மறுநாள் ஆகும். எடுத்தாயிற்று, எல்லோரும் குளித்தாயிற்று, பொழுது சாய்ந்தது, சோறு வரவில்லை. முந்தின நாளிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். உன்னைத்தான் அனுப்பினேன். 'பெரீப்பா ஊட்டுல போயிக் கேளு கண்ணு, மறந்துபோட்டாங்களாட்ட இருக்குது' என்றேன். மீசை அரும்பிய வயசு உனக்கு, கையில் பித்தளைத் தூக்குப் போசியோடு போனாய். வாசற்படியில் நின்று கேட்டிருக்கிறாய். அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாராம். 'இல்லை, போ' என்றாராம். நீ காலிப் போசியோடு திரும்பி வந்து, அவர்கள் வீட்டில் யாரும் இல்லை அம்மா என்று பொய் சொன்னாய். உன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு உன் பெரியம்மாவே கிணற்றடியில் வாய் தவறி முழுசாகச் சொன்னாள்.

அன்றைக்குச் சோறு கொண்டு வந்தது யார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ரெய்சலம்மா. உன் அப்பா வேலை பார்த்த மில்லில் மிஷின் பூட்ட போலந்து தேசத்து லோட்ஸ் ஊரிலிருந்து வந்த என்ஜினியர் துரையின் சம்சாரம். அதுவரை அவளை நான் தூரத்தில் பார்த்ததோடு சரி. அவர்கள் யூதர்கள். அவர்கள் வழக்கத்திலும் துக்கப்பட்டவர்கள் முதல் சோற்றைத் தங்கள் கையால் பொங்கித் தின்னக் கூடாதாம், அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டுமாம். உருண்டையாக இருப்பதைத்தான் கொண்டுவர வேண்டுமாம், ஏனென்றால் சாவு சுற்றிச் சுற்றி எல்லோர் வீட்டுக்கும் வருவது. அதனால் முழுப் பருப்பு வேகவைத்ததும் அவித்த முட்டையும் ஒரு சட்டியில் கொண்டு வந்தாள். நம் பக்கம் தீட்டு வீட்டில் முட்டை ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊர்ப் பாஷையில் அவளுக்கு அப்போது ஒரு வார்த்தை தெரியாது. என் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள், முட்டையை உரித்தாள், 'எஸ்' என்றாள். சாப்பிடு என்று அர்த்தம். சுற்றி இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் உன்னைப் பார்த்தேன், நீ முட்டையைப் பார்த்தாய். வாங்கி உனக்குக் கொடுத்துவிட்டு நானும் தின்றேன். இன்றைக்கு வரைக்கும் அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

உன் பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சோறு அனுப்பாத பாவத்தை மறைக்க ஒரு முட்டை கிடைத்தது. 'புருசன் செத்தன்னிக்கு வெள்ளைக்காரி கையில முட்டை வாங்கித் தின்னவ' என்று கருமாதி அன்றைக்கே பேச்சைக் கிளப்பினார். நம் வீட்டில் பங்காளிகள் யாரும் கை நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கை நனைத்தால்தானே உறவு? ஒருவாய்ச் சோறு, ஒரு டம்ளர் மோர்கூட நம் வீட்டில் யாரும் வாங்கவில்லை. நல்லதற்கும் கெட்டதற்கும் அழைப்பில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அப்பா பாகத்துக்கு வந்த பாதி வீட்டுக்கே திரும்பி வந்து குடியேறினேன். நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என்னை ஒதுக்கி வைத்தவர் தினமும் என் அடுப்புப் புகையை மோந்துகொண்டுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ரெய்சலம்மா என்னைச் சமையலுக்குக் கூப்பிட்டாள். போனேன். நீ அங்கே வந்து தின்றதெல்லாம் உனக்கு நினைவிருக்கும், ஆனால் அந்த அடுப்படியில் நாங்கள் பட்ட பாடு தெரியாது. அவர்கள் முறைப்படி அறுத்த கறியைத்தான் தின்பார்கள், அப்படி அறுக்க இந்த ஊரில் ஆள் இல்லை, அதனால் கறியே வேண்டாமென்று இருந்தார்கள். கவுச்சி தின்னாத வெள்ளைக்காரி என்று ஊரே சிரித்தது. அவள் பேசியது இட்டிஷ் என்ற பாஷை. எனக்கு அந்தப் பாஷை அடுப்புக்கு மேலே இருப்பது வரைக்கும்தான் தெரியும். வெங்காயம் ட்ஸிபெலெ, உப்பு ஸால்ட்ஸ், கரண்டி லெஃபல், கொஞ்சம் என்றால் அ பிஸல், போதும் என்றால் கெனிக். அவளும் என்னிடம் தமிழ் கற்றாள். 'இன்னு அ பிஸல் ஸால்ட்ஸுங்க' என்பாள். துரை ஹாலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் போனபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது, அவளைக் காணவில்லை. அடுப்பு எரியாத வீட்டைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? கடவுளே, இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாமலிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு சுள்ளியை வைத்து நன்றாக மூட்டிவிட்டேன். அவள் ஓடி வந்து கையை உதறினாள். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும் வரை அவர்கள் தீ மூட்டக் கூடாதாம். சரி, அணைத்துவிடுகிறேன் என்று தண்ணீர்ச் செம்பை எடுத்தால் அதற்கும் கையை உதறினாள். மூட்டவும் கூடாது, அணைக்கவும் கூடாது! இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தச் சுள்ளி தானாக எரிந்து முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தீ மூட்டாத அந்தச் சனிக்கிழமைக்குத்தான் சோலண்ட் என்று ஒரு குழம்பு. மொச்சையையும் பார்லியையும் ஊறவைத்து, ஊட்டி உருளைக்கிழங்கை முழுசாகப் போட்டு, வெங்காயத்தைக் கருஞ்சிவப்பு நிறம் வரும் வரைக்கும் எண்ணெயில் வதக்கிச் சேர்த்து, மிளகும் உப்பும் போட்டு, பானை வாயில் மாவைப் பிசைந்து பூசி அடைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே தணலில் வைத்தால், மறுநாள் மதியம் திறக்கும்போது தேன் நிறத்தில் இறுகி இருக்கும். எனக்குச் சந்தேகம், இவ்வளவு நேரம் வெந்தால் குழைந்து களியாகிவிடுமே என்று. ஆகாது. அதற்கு அவசரம் கிடையாது, கோபம் கிடையாது. அப்புறம் கீகல் என்ற பலகாரம். அதற்கு லோக்ஷன் என்று ஒரு மாவு நூல் வேண்டும், அவள் அதைக் கையால் தேய்த்து நறுக்கிக் கஷ்டப்படுவாள். நான் நம் வீட்டில் சேவை பிழிகிற சந்தகைக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழிந்து காட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள், எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வதென்று தெரியவில்லை. சந்தகையில் முட்டை அடித்து ஊற்றி, வெல்லம், உலர்ந்த திராட்சை, பட்டைத் தூள் போட்டு, மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்டோம். அந்தப் பலகாரம் லோட்ஸிலும் கிடையாது, அவிநாசியிலும் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம்.

போன வருஷம் அவள் தன் வயசான தாயை அழைத்துவர ஊருக்குப் போனாள், துரையும் கூடப் போனார். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன், கட்டையை எனக்காக எண்ணெய் போட்டு வை என்றாள். இப்போது அங்கே சண்டை மூண்டு அந்த ஊரைப் பிடித்துவிட்டார்களாம். மில் ஆபீசில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்திருந்தால், அதைச் செய்தவன் அடுப்பில் பூனை படுக்கட்டும், அவனுக்குப் பசிக்கிறபோது இந்த உலகத்தில் எந்த வீட்டுக் கதவும் திறக்காமல் போகட்டும். நான் வயிறெரிந்துதான் சொல்கிறேன்.

அவள் போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டிலேயே அந்தச் சமையலைச் செய்கிறேன். அவள் பாஷையிலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்கிறேன். முதலில் வார்த்தைகள் மறந்துபோகக் கூடாதே என்று ஆரம்பித்ததுதான். ஒருநாள் உன் பெரியம்மா கிணற்றடியில் என்னைப் பார்க்காத மாதிரி நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏனுங்க அம்மணி, வெள்ளிக்கெழமையானா செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னமோ மந்திரம் சொல்ற சத்தமாட்ட கேக்குதுங்களே?"

"சமையலுங்க அக்கா. வெங்காயம் உரிக்கறேன், உப்புப் போடறேன்னு சொல்லீட்டு இருந்தேனுங்க."

"வெங்காயம் உரிக்கறதுக்கு எதுக்குங்க அத்தன சத்தம்?"

"காரமான வெங்காயமுங்க."

அவள் நம்பவில்லை. மறுவாரம் பூசாரி வந்து அவர்கள் வாசலில் பூசணிக்காய் உடைத்தார், நிலைப்படியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. உன் பெரியப்பாவுக்கு மூட்டு வலித்தாலும், எருமை கறவை நின்றாலும் நான் உப்புப் போட்டதுதான் காரணம் ஆயிற்று. நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை 'ட்ஸிபெலெ' என்பதைச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு செம்பு கீழே விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இப்போது உனக்கு அவர் ஆள் வைத்து எழுதிய சம்பவத்துக்கு வருகிறேன். அவிநாசிப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா பெரிய குடும்பம், அவர் சம்பந்தம் நம் பக்கம் வர வேண்டுமென்று உன் பெரியப்பா எத்தனையோ நாளாக ஏங்கிக்கொண்டிருந்தவர். உனக்குப் பெண் கொடுக்க அவர்கள் சம்மதித்ததும், இவர் தானாகவே வந்து பெரியப்பா ஆகிவிட்டார். அதுவரைக்கும் நீ எவன் பிள்ளையோ! ஆனால் பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். 'மாப்பிள்ளையோட அம்மா ஊட்டுல கை நனைக்காம நாங்க நாள் குறிக்க மாட்டமுங்க. என்னமோ பேச்சு அடிபடுது. மொதல்ல பங்காளிக நீங்க நனைங்க, பொறகு நாங்க நனைக்கறோமுங்க' என்றார். உன் பெரியப்பாவுக்கு வேறு வழி இல்லை. சனிக்கிழமை மதியம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

நான் வெள்ளிக்கிழமையே பானையைத் தணலில் வைத்தேன். சனிக்கிழமை விடிந்ததும் சோறு, பருப்பு, ரசம், பொரியல் எல்லாம் நம் முறைப்படி செய்தேன், கீகலும் சுட்டேன். உன் பெரியப்பா நம் வாசற்படியை மிதித்து உள்ளே வந்தார். 'வாங்க மாமா, உக்காருங்க' என்றேன். முதல் இலை அவருக்குத்தான் போட்டேன். முதல் பிடி அவர் வாயில் வைத்தார். பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டு அப்புறம் தன் இலையில் கை வைத்தார். அதோடு நம் மேல் இருந்த விலக்கு தீர்ந்தது. நீ கேட்கிற சமாதானம் அங்கேயே முடிந்துவிட்டது, கண்ணு.

உன் பெரியப்பா சோலண்டை ருசித்துச் சாப்பிட்டார், அதை நான் மறுக்க மாட்டேன். கீகலை எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். 'இது என்ன பலகாரமுங்க, எங்க பக்கம் தின்னதே இல்லீங்களே?' என்று பெண்ணின் அப்பா கேட்டார். 'கீகலுங்க. எம்பட ஊட்டுக்காரர் செத்தன்னிக்கு எனக்கும் எம்பட பையனுக்கும் சோறு கொண்டாந்தவங்க சொல்லிக்குடுத்ததுங்க' என்றேன். உன் பெரியப்பா பேச்சை மாற்ற இலையை என் பக்கம் இழுத்துவிட்டு, குடும்பத்துப் பெரியவர் தோரணையில், 'அம்மணி, அந்த மொச்சைக் கொழம்புல இன்னும் ரெண்டு கரண்டி உட்டு, மறுசோறு போடு' என்றார்.

இலைக்கு முன்னால் நம் பெண்கள் எந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். பானை துடைத்து வைத்திருந்தாலும் நிறைஞ்சிருக்குது என்போமே தவிர அந்த வார்த்தை வாயில் வராது. எதிரி உட்கார்ந்திருந்தாலும் வராது. சோற்றுப் பானை என் இடுப்பில் இருந்தது, பாதிக்கு மேல் இருந்தது, ஆவி பறந்தது, அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க மாமா" என்றேன்.

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று, "சோறு இல்லீங்க" என்று மறுபடியும் சொன்னேன். அடுத்த இலைக்கு நகர்ந்து, அங்கே ஒரு கரண்டி நிறையச் சோறு வைத்தேன்.

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். கை இலையில் அப்படியே நின்றது. எழுந்திருக்கவும் முடியவில்லை, எழுந்தால் சம்பந்தம் போய்விடும். உட்காரவும் முடியவில்லை. தூக்குப் போசியோடு நீ எவ்வளவு நேரம் அவர் வாசலில் நின்றாயோ எனக்குத் தெரியாது. அவரை நான் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார வைத்தேன். பெண்ணின் அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதோடு உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன், உண்மையைச் சொல்கிறேன். என் வாய்க்கொழுப்பால் உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். பெண்ணின் அப்பாதான் 'அம்மணி, மோர் இருந்தாக் குடுங்க' என்றார். கொடுத்தேன். முழுசாகக் குடித்தார். வெளியே போகும்போது நாள் குறிக்க வருகிறேன் என்றார்.

நீ இனி குடும்பம் நடத்தப் போகிறவன், அதனால் இதைச் சொல்கிறேன். உன் தெருவில் எந்தச் சாதிக்காரன் வீட்டில் சாவு விழுந்தாலும், உன் பெண்டாட்டி முதலில் உலை வைக்கட்டும், மற்றதை அப்புறம் விசாரிக்கட்டும். உனக்கு யாராவது கெடுதல் செய்தால் மன்னிப்பது உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். எனக்குச் செய்ததை என் சார்பில் நீ மன்னிக்காதே. அந்த அதிகாரம் உனக்குக் கிடையாது. உன் அப்பாவாக இருந்தால் மன்னித்திருப்பார் என்று எழுதியிருக்கிறாய். மன்னித்திருப்பார். அவர் பசியோடு போகவில்லை, நீதான் பசியோடு நின்றாய்.

உன் பெரியப்பா கல்யாணத்துக்கு வரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. தலையில் உருமால் கட்டிக்கொண்டு உன் அப்பா இடத்தில் உட்காரட்டும், பங்காளிகள் எல்லோரும் பார்க்கட்டும். வெள்ளைச் சேலைக்காரி நான் மணவறைப் பக்கம் வரப்போவதில்லை, அது நம் வழக்கம், அதற்காக நான் அழப்போவதுமில்லை. ஆனால் பந்தி என்னுடையது. பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்றுவிட்டார்கள். தலைவாழை இலை போட்டு உன் பெரியப்பாவை முதல் வரிசையில் உட்கார வை. அவர் இலைக்கு நான்தான் பரிமாறுவேன். வயிறார வைக்கிறேன், ஒரு குறையும் வராது.

ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் என்னிடம் மறுசோறு கேட்கிறாரா என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா